கோவிலாழ்வாருக்குள் போன நத்தை

நத்தையை வர்ணிக்கிறதுக்கு ஒரு முறை இருக்கிறது. இஷ்டத்துக்கு எழுதிவிட முடியாது. முதலில் உச்சி. அப்புறம் உச்சியிலிருந்து இறங்குகிற சுற்றுகள், ஒரு சுற்றும் அடுத்த சுற்றும் சேருகிற தையல்கோடு, ஓட்டின் மேல் ஓடுகிற விலா வரிகள், கடைசியில் வாய், வாயின் உதடு. அழகு, அருமை, அடடா, இதெல்லாம் அங்கே செல்லாது. என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் சொல்வார்: "இதைப் பார்க்காத ஒருத்தர் கண்ணை மூடிக்கிட்டு நீங்க எழுதினதைக் கேட்டா, அவருக்கு நத்தை தெரியணும்மா. தெரியலைன்னா கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி எழுதுங்க." நான் கிழித்துப் போட்ட காகிதத்தில் எங்கள் அம்மா வெந்நீர் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள்.

எழுபதுகளின் கடைசி. எங்களுக்கு ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் வீடு. அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆபீசில் வேலை. நான் ஒரே பெண். திருச்சியில் ஒரு காலேஜில் நிலவியல் படித்து, அங்கேயே ஆராய்ச்சியிலும் சேர்ந்துவிட்டேன். "உங்க பொண்ணு என்ன படிக்கறா மாமி?" என்று யாராவது கேட்டால் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள்: "கல்லு." கேட்டவர்கள் அதற்கு மேல் எதுவும் கேட்கமாட்டார்கள்.

அரியலூர் பக்கம், பெரம்பலூர் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல் பூமி. மனுஷ ஜாதியே இல்லாத ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது. கடல் பின்வாங்கிப் போனபோது அதிலிருந்த நத்தையும் சிப்பியும் சேற்றோடு இறுகிக் கல்லாகிவிட்டன. அந்தக் கடல் நத்தைகள்தான் என் பாடம். முன்னால் காவேரி, பின்னால் கொள்ளிடம் என்று வளர்ந்தவள் நான். நிஜக் கடலை அதுவரை பார்த்ததே கிடையாது. செத்துப்போன கடலின் ஜாதகம் முதற்கொண்டு தெரியும், உயிரோடு இருக்கிற கடலைத் தெரியாது என்று அப்பா கேலி பண்ணுவார்.

பெண் தனியாகக் காட்டுமேட்டில் போய்க் கல் பொறுக்குவதாவது என்று அம்மாவும் கூடவே வந்துவிடுவாள். கையில் குடை, தூக்கில் புளியோதரை. நான் சுத்தியலால் தட்டிக்கொண்டிருக்க, அம்மா ஒரு வேலமரத்தடியில் உட்கார்ந்து, ஆடு மேய்க்கிற பெண்களிடம் ஊர்க்கதை கேட்டுக்கொண்டிருப்பாள். "உங்க மக என்னத்தம்மா தேடுது?" என்று அவர்கள் கேட்டால், "தொலைச்சது கிடைக்கலை, தேடறா" என்பாள். கேட்டவர்களும் பரிதாபப்பட்டுக் கூடச் சேர்ந்து தேடுவார்கள்.

அப்படிக் கொண்டுவந்த மூட்டையில் ஒரு கல். கொல்லைக் கிணற்றடியில் உட்கார்ந்து, தையலூசியும் பழைய பல் பிரஷுமாக நாள்கணக்கில் சுரண்டியிருந்தேன். ஒரு காலை நேரம் மண் விலகி நத்தை முழுசாகக் கையில் வந்தது. கட்டைவிரல் நுனி அளவுதான். தேன் நிறம். உச்சியை மேலே வைத்து வாயை என் பக்கம் திருப்பினேன். திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டேன்.

சாதாரணமாக, இப்படிப் பிடித்தால் நத்தையின் வாய் வலதுகைப் பக்கம் இருக்கும். காலேஜில் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் அப்படித்தான். இதற்கு இடப்பக்கம் இருந்தது. விலா வரிகளும் நான் பார்த்த எந்தப் புஸ்தகத்துப் படத்திலும் இல்லாத விதமாகச் சாய்ந்திருந்தன. "அம்மாஆ!" என்று நான் போட்ட கூச்சலில் அம்மா தேள்தான் கொட்டிவிட்டது என்று சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

நத்தையின் உதட்டில் ஒரு சில் பெயர்ந்திருந்தது. பசை தொட்டு ஒட்டி, காயட்டும் என்று கைக்குக் கிடைத்த ஒரு பித்தளைத் தட்டில் வைத்துவிட்டு, முதல் வேலையாகப் பேராசிரியரிடம் சொல்ல ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். அது அம்மாவின் பூஜைத் தட்டு. தட்டில் ஒரு துளசி இலையும் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கு ஏகாதசி வேறு. இதையெல்லாம் கவனிக்கிற நிலைமையில் நான் இல்லை.

பேராசிரியர் கேட்டுவிட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். ஆனாலும் நிதானம் தப்பவில்லை. "இடப்பக்கம் சுத்தியிருக்குங்கிறது மட்டும் போதாதும்மா. பிறவிக் கோளாறுன்னு தள்ளிடுவாங்க. வரியிலே, வாயிலே வேற வித்தியாசம் காட்டணும். காட்டிட்டா இது புது இனம். உங்க தீசிஸுக்கு அதுதான் முதுகெலும்பு. நாளைக்கே கொண்டாங்க."

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே சர்க்கரைப் பொங்கல் வாசனை. ஏகாதசியும் அதுவுமாய்ப் பொங்கலா என்று பார்த்தால், பெருமாளுக்கு மட்டும், நமக்கு நாளைக்குத்தான் என்றாள் அம்மா. பித்தளைத் தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"அம்மா, என் நத்தை எங்கே?"

"நத்தையா? வலம்புரிடீ அது! அப்பா எழுந்தருளப் பண்ணியாச்சு. சங்கு ரூபத்துல தானா வந்திருக்கார், அதுவும் ஏகாதசியன்னிக்கு. நீதானே பெருமாள் தட்டுல வெச்சுட்டுப் போனே?"

எங்கள் வீட்டில் பெருமாள் இருக்கிற மரப்பெட்டிக்குக் கோவிலாழ்வார் என்று பெயர். அதற்குள் சாளக்கிராமங்களோடு சாளக்கிராமமாக, சந்தனமும் திருத்துழாயும் சாற்றிக்கொண்டு என் நத்தை உட்கார்ந்திருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்கு நத்தை பிடிக்கப் பெருமாளாய் முடிந்தது.

எனக்குக் கோபம் எப்போதுமே மூக்குக்கு மேலே. "என்னப்பா பண்ணி வெச்சிருக்கேள்? அது நத்தை! வெறும் கடல் நத்தை!" என்று கத்தினேன்.

அப்பா கத்துகிறவர் இல்லை. "சாளக்கிராமம் மட்டும் என்னவாம்? அதுவும் ஏதோ கடல் பிராணி கல்லானதுன்னு போன வருஷம் நீதானே உக்காத்தி வெச்சுச் சொன்னே? நானும் சரின்னு கேட்டுண்டேன். அதுக்காக அவர் பெருமாள் இல்லைன்னு ஆயிடுத்தா? அவர் உள்ளே இருக்கலாம்னா இவரும் இருக்கலாம்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எடுத்துக் கொடுங்கோ என்று கெஞ்சினேன். முடியாது என்று அப்பா தலையை ஆட்டினார். ஒரு தரம் எழுந்தருளப் பண்ணிவிட்டால் தினமும் நீராட்டுகிற திருமஞ்சனம், தினமும் அமுது படைக்கிற தளிகை. வெளியே கொடுக்கிறதென்றால் அதே மாதிரி தினமும் ஆராதனம் பண்ணுகிற ஒருத்தர் கையில்தான் கொடுக்கலாம். பட்டினி போடுகிற இடத்துக்கு அனுப்ப முடியாது. "உன் காலேஜ்ல அவருக்கு யார் தளிகை பண்ணுவா, சொல்லு, இப்பவே தரேன்" என்றார். நான் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், பூட்டு ஒன்றும் கிடையாது. ஆனால் அப்பா என்மேல் சந்தேகப்பட்டு அந்தப் பெட்டிக்குப் பூட்டுப் போடவே இல்லை என்பதுதான் என் கையைக் கட்டிப் போட்டது.

மறுநாள் பேராசிரியரிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் மேலப்புதூர் பக்கம், தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "எங்க கோயில்ல நற்கருணைப் பேழைக்குள்ள போனதை எடுத்து ஆராய்ச்சி பண்றேன்னு ஒருத்தன் வந்தா நானும் விடமாட்டேன்" என்றார். உடனேயே, "ஆனா ஒண்ணு. நத்தையைக் காட்டாம புது இனம்னு எழுத முடியாது. அதைத் தேர்வாளர் கையில வாங்கிப் பார்க்கணும். அப்புறம் கல்கத்தா மியூசியத்துக்குப் போகணும், எந்த நாட்டுக்காரன் வந்து கேட்டாலும் காட்டுற மாதிரி. இல்லைன்னா உங்க நத்தை உலகத்துல இல்லாததுக்குச் சமம்" என்றார். எனக்கு மூன்று வருஷ உழைப்பு கண்முன்னே ஆற்றோடு போகிற மாதிரி இருந்தது.

அப்பாவோடு ஒரு உடன்படிக்கைக்கு வந்தேன். பெருமாளை வெளியே விடமாட்டார் என்றால் நான் உள்ளே வருகிறேன். விடியற்காலையில் கிணற்றடியில் குளித்துவிட்டு, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, லென்சும் காகிதமுமாகத் திருவாராதனத்தில் உட்கார்ந்தேன். தொடக்கூடாது. திருமஞ்சனம் ஆகும்போது அப்பா உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார், நான் கழுத்தை நீட்டிப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். முதல் நாளே சண்டை.

"அப்பா, தலைகீழாப் பிடிச்சிருக்கேள். உச்சி மேலே இருக்கணும்."

"சங்கை யாராவது அப்படிப் பிடிப்பாளோ? உச்சி கீழேதான். பாரு, வாய் வலப்பக்கம் வந்துடுத்தா? வலம்புரி."

"உலகம் பூரா உச்சியை மேலே வெச்சுத்தான் பார்க்கறா. இது இடப்பக்கம்."

"உலகம் பூரா தப்பாப் பிடிச்சா நான் என்ன பண்றது?"

சரி, வர்ணனையையாவது முறையாகத் தொடங்கலாம் என்று, முதலில் உச்சியைக் காட்டச் சொன்னேன். அப்பா முகம் மலர்ந்துவிட்டது. அவர் பிடித்திருந்த கணக்கில் உச்சிதான் பாதம். பெருமாளை எப்போதும் பாதத்திலிருந்து ஆரம்பித்துத்தான் சேவிக்கவேண்டும், திருமுகம் கடைசி. நத்தையை வர்ணிக்கிற எங்கள் முறையும் உச்சியில் தொடங்கி வாயில் முடிகிறது. "அப்படிச் சொல்லு! உங்க காலேஜ்காராளுக்கும் சேவிக்கத் தெரிஞ்சிருக்கே" என்றார். அந்த ஒன்றில் எங்களுக்குள் தகராறே வரவில்லை.

நாளாக ஆக அப்பாவுக்கே ருசி தட்டிவிட்டது. லென்சை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வார். நான் எழுதினதைப் படித்துக் காட்டச் சொல்வார், இங்கிலீஷ் அவருக்கு நன்றாக வரும். "தையல்கோடு ஆழம்னு போட்டிருக்கியே, எல்லா இடத்துலயும் ஒரே ஆழமா? கீழ்ச் சுத்துல மேலோட்டமா இருக்கே" என்று குற்றம் கண்டுபிடிப்பார். நான் கிழித்துவிட்டு மறுபடி எழுதுவேன். அடுப்பங்கரையிலிருந்து அம்மா, "ஏன்னா, பெருமாளுக்குப் பசிக்கறது. அப்பாவும் பொண்ணும் அளந்தது போறும்" என்று குரல் கொடுப்பாள்.

ஒரு நாள் தீர்த்தம் விட்டுவிட்டு வெளிச்சத்தில் சாய்த்தவர், "குழந்தே, இதென்ன, விலா வரிக்குக் குறுக்கே நூல் நூலா ஓடறதே?" என்றார்.

எட்டிப் பார்த்தேன். காய்ந்த ஓட்டில் நான் எத்தனையோ தடவை தேடியும் தெரியாத மெல்லிய கோடுகள், தண்ணீர் பட்டதும் எழுந்து நின்றன. ரெண்டு தடியாக, நடுவில் ஒன்று மெல்லிசாக, அதே கிரமத்தில் கடைசிச் சுற்று முழுக்க. புஸ்தகத்திலுள்ள எந்த உறவுக்கார நத்தைக்கும் அப்படி ஒரு நெசவு கிடையாது. பேராசிரியர் கேட்ட வித்தியாசம் இதுதான். பிறவிக் கோளாறு என்று இனிமேல் ஒருத்தரும் வாய் திறக்க முடியாது. எனக்கு அப்பாவைக் கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது. மடி, தொடாதே என்று அப்பா ரெண்டடி பின்னால் போய்விட்டார்.

ஆனால் கொடுக்கிறேன் என்று மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

தீசிஸ் முடிந்து வாய்மொழித் தேர்வு நாளும் வந்தது. வெளித்தேர்வாளர் வடக்கேயிருந்து வருகிறார். அன்று காலை பார்த்தால் பஞ்சகச்சமும் திருமண்ணுமாக, பட்டுத்துணி சுற்றின ஒரு சின்னச் சம்புடத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். "நானே ஏளப்பண்ணிண்டு வரேன். காட்டிட்டு ஆத்துக்கு அழைச்சுண்டு வந்துடுவேன்" என்றார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. யார் மேலும் படாமல், ஒரு கையால் கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தார். கண்டக்டர் பார்த்துவிட்டு, "சாமி வருது, வழி விடுங்க" என்று தானாகவே கூட்டத்தை ஒதுக்கினார்.

தேர்வாளர் பெரிய கண்ணாடி போட்ட, அதிகம் சிரிக்காத மனுஷர். பேராசிரியர் அவர் காதில் விஷயத்தைச் சொன்னார். அவர் அப்பாவை ஒரு தடவை பார்த்தார், சம்புடத்தைப் பார்த்தார். இதென்ன கூத்து என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அப்பா திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். அதோடு எல்லாம் போச்சு. தேர்வாளர் குனிந்து ஷூவைக் கழற்றினார். வராந்தாக் குழாயில் போய்க் கை கழுவிவிட்டு வந்து, ரெண்டு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டினார். அப்பா கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நத்தையை எடுத்து அதில் வைத்தார்.

தேர்வாளர் என் வர்ணனையை வாய்விட்டு நிதானமாகப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் நத்தையைத் திருப்பி, லென்சில் பார்த்து, சரி என்பதுபோல் ம் கொட்டிவிட்டு அடுத்த வரி. உச்சியில் தொடங்கி உதடு வரைக்கும் எதையும் விடவில்லை. நடுவில் தண்ணீர் கேட்டு, ஒரு சொட்டு விட்டு, அந்தக் குறுக்குக் கோடுகளையும் பார்த்தார். சுவரோரம் நின்றிருந்த அப்பா, தன்னை அறியாமல் கை கூப்பிக்கொண்டிருந்தார்.

"புதிது. சந்தேகமில்லை" என்றார் தேர்வாளர். அப்புறம் அப்பாவிடம் இங்கிலீஷிலேயே மரியாதையாகச் சொன்னார்: இது மியூசியத்துக்குப் போகவேண்டும். போகாவிட்டால் உங்கள் பெண் சொல்லுக்குச் சாட்சி கிடையாது. அப்பா, அங்கே தினமும் யாராவது பார்ப்பார்களா என்று கேட்டார். தேர்வாளர் பொய் சொல்லவில்லை. இழுப்பறையில்தான் இருக்கும், யாராவது தேடி வந்தால் எடுத்துக் காட்டுவார்கள், வருஷக்கணக்கில் யாரும் வராமலும் இருக்கலாம் என்றார். அப்பா நத்தையை வாங்கிச் சம்புடத்தில் வைத்துக்கொண்டார்.

வரும்போதும் அப்பா பஸ்ஸில் சம்புடத்தோடு நின்றபடியே வந்தார். காவேரிப் பாலம் தாண்டும்போது எனக்கு அழுகையாக வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாஸாகிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லக்கூடத் தோன்றவில்லை. அப்பா நேராக உள்ளே போய் நத்தையைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஆராதனம் முடிந்து கூப்பிட்டார். பஞ்சு கேட்டார், ஒரு அட்டைப்பெட்டி கேட்டார். அவரே அதைப் பஞ்சில் வைத்து, பக்கத்தில் ஒரு திருத்துழாய் இலையையும் வைத்தார்.

"உள்ளேயே இருந்தா நாம மூணு பேர்தான் சேவிப்போம். நாலு பேர் பார்க்கணும்னா வெளியே வந்துதானே ஆகணும்? நம்ம பெருமாளே வீதி வழியா வராரே. இது புறப்பாடு, அவ்வளவுதான்" என்றார். கொஞ்சம் கழித்து, "புறப்பாடுன்னா திரும்பி ஆஸ்தானத்துக்கு வரணும். வருவாரோன்னோ?" என்று கேட்டார்.

பொய் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. "தெரியலைப்பா" என்றேன்.

"சரி. எடுத்துண்டு போ."

பெட்டியைப் பேராசிரியரிடம் சேர்த்தேன். அவர் துளசியைப் பார்த்துவிட்டு, எடுத்துப் போடாமல், தனியாக ஒரு காகிதத்தில் மடித்து என்னிடமே கொடுத்தார். புத்தம் புது இனம், என் பெயர் அச்சில் வரப்போகிறது, காலேஜிலேயே வேலை கிடைக்கலாம் என்று எல்லாரும் கைகுலுக்கினார்கள். எனக்கும் சந்தோஷந்தான், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் மறுநாள் விடியும்போது, கோவிலாழ்வாரில் அந்தக் காலி இடத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன்.

உள்ளேயிருந்து அப்பா குரல் கேட்டது. வழக்கமாகப் பாசுரம் சொல்கிற சேவாகாலம்தான் என்று முதலில் நினைத்தேன். ராகமும் அதேதான். ஆனால் வார்த்தை இங்கிலீஷ். என்னுடைய இங்கிலீஷ். எழுந்து போய்க் கதவோரம் நின்றேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, காலியாக இருந்த இடத்துக்கு எதிரே தீர்த்தப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு, உச்சி கூர்மை, சுற்றுகள் உருண்டை, தையல்கோடு மேலே ஆழம் கீழே மேலோட்டம், விலா வரி சாய்வு, குறுக்கே ரெண்டு தடி நடுவே ஒன்று மெல்லிசு என்று, கையில் காகிதமில்லாமல், ஒரு வரி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் என்று நான் எழுதியிருந்த ஒரே இடத்தில் மட்டும் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, வலப்பக்கம் என்றார். நான் அழுதுகொண்டே கேட்டுக்கொண்டு நின்றேன், திருத்தவில்லை.